ரதிக்குப் பதிலாள் இல்லை

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். இப்போது ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் தலைமை ஆலோசகர்.

"மேடம், எங்க சென்டர் கேட்டுக்கு விரல் ரேகைப் பூட்டு வெச்சிருக்காங்க. சுவத்து மேல கம்பி வேலி வேற. அப்படியும் பாதிப் பேரு பாதியிலயே ஓடிப் போயிடறாங்க. உங்க காலத்துல எந்த மாதிரி பூட்டு வெச்சிருந்தீங்க?"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. எங்கள் கேட்டுக்கு ஏதம்மா பூட்டு? ஒரு கொக்கி இருந்தது. குன்னூர் காற்று பலமாக அடித்தால் அதுவும் தானே கழன்றுகொள்ளும். அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு மாசி மாதம் முழுக்க ஒரு ஆள்கூட வெளியே காலெடுத்து வைக்கவில்லை என்று சொன்னேன். "எப்படி மேடம்?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்ததும் எனக்கே கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் அப்பா சர்ச் பள்ளிக்கூடத்து ஆசிரியர். என் அக்காக்களும் ஆசிரியைகள். நான் மட்டும் சமூகப்பணி படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி முடித்து, பெட்டி நிறையக் குறிப்புகளோடு மலையேறி வந்தேன். வெலிங்டனைத் தாண்டி ஒரு பழைய பங்களாவில் எங்கள் சிகிச்சை இல்லம் இருந்தது. சேர்ந்த அன்றே நோயாளிகள் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பிறந்தால் தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருடங்கள் அவை. பச்சைக் கொழுந்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்று சிறு விவசாயிகள் புலம்பினார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக நின்றன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பாதி பூட்டிக் கிடந்தன, குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். வேலையில்லாமல் மலையில் மிச்சம் இருந்த ஆண்களில் பலர் குடித்தார்கள். எங்கள் இல்லத்தில் கட்டில் காலியாக இருந்ததே இல்லை. ஆனால் சேர்ந்தவர்கள் நிற்கவும் இல்லை. கை நடுக்கம் அடங்கி, ஒரு வாய் சோறு இறங்க ஆரம்பித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் தலைவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர். எல்லோருக்கும் அவர் மேஜர் ஐயா. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் அத்தனை வருடம் இருந்தும் அந்த 'ங்க' அவர் வாயை விட்டுப் போகவில்லை. கட்டிலில் புரண்டு வாந்தி எடுக்கிறவனிடம்கூட, "ஏனுங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கறீங்களா?" என்பார்.

போக நினைக்கிறவனுக்கு அவர் வைத்திருந்த முறையை விவரமாகச் சொல்கிறேன். சேரும்போதே ஒரு வாக்கு வாங்குவார். போகலாம், தடையில்லை. சுவரேறிக் குதிக்கக் கூடாது, அவர் அறைக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வந்தவனை ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, அவரே டீ போடுவார். எனாமல் மக்கில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டார். கை நடுங்குகிறவன் நிறைந்த மக்கைச் சிந்திவிட்டால் வெட்கப்படுவான் என்பார். டீ உள்ளே இறங்கும்வரை பேச்சே கிடையாது. நான் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். பிறகு மெதுவாக, "சொல்லுங்க தம்பி, என்ன வேலையாப் போறீங்க?" என்று கேட்பார். ஏன் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஆள் சொல்வான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு தூக்க வேண்டும், மாடு கன்று போடப் போகிறது. சொல்லி முடித்ததும் மேஜர் ஐயாவிடமிருந்து ஒரே கேள்வி வரும்.

"இதுக்குப் பதிலாள் உண்டுங்களா?"

எஸ்டேட்டில் ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் நின்று வேலை பார்க்கிறவரைப் பதிலாள் என்பார்கள். அதனால் கேள்வி எல்லோருக்கும் உடனே புரியும். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "இல்லீங்க, நாந்தான் போகோணும்."

"டீச்சர் போவாங்க" என்று என்னைக் கை காட்டுவார்.

முதல் தடவை எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவன் வார்டுக்குப் போனதும் சண்டைக்கு நின்றேன். "ஐயா, நம்ம காதுல பூச்சுத்தறாங்க. குடிக்கப் போறதுக்கு ஒரு சாக்கு. அதுக்கு நான் போய் மாட்டுக்குப் பிரசவம் பாக்கணுமா?"

"குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இந்தக் கேட்டைத் தாண்டினவன் ஒருத்தனைக் காட்டுங்க பாக்கலாம். அப்படி ஒருத்தனும் போக மாட்டான் டீச்சர். அவனுக்கே தெரியாம ஒரு நல்ல காரியம் அவனைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போகும். திரும்பி வர்ற வழியிலதான் கடை இருக்குது. சாக்கா இருந்தா, பதிலாள் போனதும் சாக்கு தீர்ந்துடும். நெசமா இருந்தா வேலை முடிஞ்சுடும். ரெண்டுலயும் நமக்கென்ன நட்டம்?"

முறைத்துக்கொண்டே போனேன். போன இடத்தில் மாடு நிஜமாகவே கன்று போட நின்றிருந்தது! அடுத்தடுத்துப் போன வீடுகளிலும் அப்படித்தான். அம்மாவுக்குக் கண் மறைத்தது, கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒருவன்கூடப் பொய் சொல்லவில்லை. சென்னையிலிருந்து நான் தூக்கி வந்த குறிப்புகள் எதிலும் இது இல்லை.

நான் பார்த்த பதிலாள் வேலைகளில் மானம் போனது ஒன்று உண்டு. போஜன் என்று ஒரு படுகர், கோத்தகிரிப் பக்கம் துண்டு நிலத்தில் தேயிலை வைத்திருந்தார். கொழுந்து முற்றிப் போகிறது, நான்தான் போக வேண்டும் என்று பையோடு வந்து நின்றார். மேஜர் ஐயா என்னையும் டிரைவரையும் அனுப்பினார். இரண்டு இலை ஒரு மொட்டு என்று படத்தில் பார்த்ததை நம்பி, முதுகில் கூடையோடு சரிவில் ஏறி, நாள் முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் பறித்தோம். கொழுந்து எடுக்க வந்த ஏஜெண்ட் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், இது கொழுந்துங்களா, ஆட்டுக்குத் தழைங்களா?"

மூட்டையோடு திரும்பி வந்து போஜனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இல்லத்துக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "டீச்சர், கும்பிட்டுக் கேக்கறேன். இனி என் தோட்டத்துப் பக்கம் போயிடாதீங்க. நான் முடிச்சிட்டே போயிப் பறிச்சுக்கறேன்" என்றார். சொன்னபடி சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் போனார்.

அப்படி எல்லாவற்றுக்கும் பதிலாள் அனுப்பிக்கொண்டிருந்த மேஜர் ஐயாவை ஒருவர் முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் பெயர் ராமையா.

மஞ்சூர் பக்கம் ஒரு எஸ்டேட். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. ராமையா சின்னப் பையனாக அம்மாவோடு கப்பலில் வந்தவர். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. ஃபேக்டரி நின்றதும் குடி முற்றியது. எங்களிடம் ஏற்கெனவே இரண்டு முறை சேர்ந்து, இரண்டு முறையும் பாதியில் போனவர். அவர் மனைவி செல்வி கொழுந்து எடுப்பவள். மூன்றாவது முறை அவரைக் கொண்டுவந்து விட்டபோது என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"டீச்சர், திருப்பூர்ல எங்கண்ணன் பனியன் கம்பெனியில வேல பாத்து வச்சிருக்கு. இந்தத் தடவ இவரு முழுசா முடிச்சாருன்னா நாங்க மூணு பேரும் போறோம். பாதியில வந்தாருன்னா நானும் எம் மவளும் மட்டுந்தான் போவோம். அவரு வாசல்ல வந்து நின்னாலும் கதவத் தொறக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

ராமையா இந்த முறை நன்றாகத் தேறினார். அந்த நேரம் பார்த்து மாசி பிறந்தது. ஒரு காலை எஸ்டேட்டிலிருந்து வாத்தியார் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, கூத்து வாத்தியார். தலைப்பாகையும் வெண்கலக் குரலுமாக ஒரு பெரியவர். செல்வியும் பின்னாலேயே வந்தாள். ராமையா பையோடு தயாராக நின்றார்.

சிலோன் தோட்டத்து ஜனங்களுக்குக் காமன் கூத்து உயிர். மாசியில் மூன்றாம் பிறைக்குக் கரும்பும் ஆமணக்குக் குச்சியும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பத்தை ஊன்றுவார்கள். அதுதான் காமன். வேஷம் கட்டுகிறவர்கள் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள். பௌர்ணமி விடியலில் சிவன் நெற்றிக்கண் திறக்க, காமன் எரிந்து போவான். ரதி அழுவாள். ஊரே சேர்ந்து அழும். ராமையாதான் ரதி. மீசை முளைத்த வயதிலிருந்து ஒவ்வொரு மாசியும் அந்த மீசையை மழித்து ரதி ஆனவர். ஒவ்வொரு மாசியும் காப்பை அவிழ்த்த கையோடு பாட்டிலைப் பிடித்தவரும் அவர்தான். போன முறை எங்களை விட்டுப் போனதும் இதற்காகவே.

மேஜர் ஐயா டீ போட்டார். குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் கேள்வியைக் கேட்டார்.

வாத்தியார் மக்கைக் கீழே வைத்தார். "ரதிக்குப் பதிலாளா? காமனுக்கு ஆள மாத்தலாம் தொர, செவனுக்கு மாத்தலாம். ரதி இவன் ஆத்தா நேந்துக்கிட்ட நேர்த்தி. கப்பல்ல காய்ச்சலு வந்து புள்ள பொழைக்காதுன்னு கெடந்தப்ப நேந்தது. இவன் கட்டாட்டி ரதி இல்ல, ரதி இல்லாட்டிக் கூத்தில்ல."

"நாந்தான் போவணுங்க தொர" என்றார் ராமையா.

என்னைக் காட்டத் தூக்கிய கையை மேஜர் ஐயா இறக்கிக்கொண்டார். செல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "போய்ட்டு மறுபடி குடிச்சு விழுறதுக்கா?" என்று வாத்தியாரிடமே கத்திவிட்டேன்.

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "காப்புக் கட்டுனவன் சாராயத்தத் தொடுவானா டீச்சர்? என்னா பேச்சு இது? கம்பம் ஊன்டுன எல்லையவே தாண்ட மாட்டான். கட்டுன நாள்லருந்து அவுக்குற நாள் மட்டும் அங்கனதான் கெடப்பான்."

மேஜர் ஐயாவின் மக் உதட்டருகே அப்படியே நின்றது.

"எல்லைன்னா எதுங்க?"

"கம்பம் எங்கிட்டு ஊன்டியிருக்கோ, அதச் சுத்துன எடந்தாங்க தொர."

மேஜர் ஐயா ஜன்னல் வழியாக எங்கள் முற்றத்தைப் பார்த்தார். சுற்றிலும் சுவர், நடுவில் புல்தரை, மூலையில் அந்தக் கொக்கி கேட்.

"இங்க ஊன்டினா?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

வாத்தியார் மறுத்தார். ஆஸ்பத்திரியில் காமனா? லயத்து ஜனம் என்ன சொல்லும்? ஆனால் பேசப் பேச வேறொரு விஷயம் வெளியே வந்தது. எஸ்டேட்டில் ஆளே இல்லை. போன வருடக் காமன் திருப்பூருக்குப் போய்விட்டான், எமன் கேரளாவுக்கு. இந்த வருடம் கூத்து நடக்குமா என்று அவருக்கே தெரியவில்லை. ரதியையாவது பிடித்து வைப்போம் என்றுதான் வந்திருந்தார். எங்களிடம் வார்டு நிறைய ஆள் இருந்தார்கள், வேலைதான் இல்லை.

அப்போது செல்வி திரும்பினாள். "கப்பலேறி வந்த காமன், மாமா. மண்டபம் கேம்ப்புல எறங்குன வருசம் அங்கனயே கம்பம் ஊன்டுனோம்னு நீங்கதான சொல்லுவீங்க? கப்பலேறுன சாமி மஞ்சூர் பஸ் ஏற மாட்டாரா?"

வாத்தியார் அவளையே பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

அந்த மாசியை எப்படிச் சொல்வேன்! மூன்றாம் பிறையன்று முற்றத்தில் கம்பம் நின்றது. ராமையாவுக்குக் காப்புக் கட்டினார்கள். நடுக்கம் தீர்ந்தவர்களுக்கு மட்டும்தான் வேஷம் என்று மேஜர் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விளைவு என்ன தெரியுமா? வேஷம் வேண்டும் என்பதற்காகவே மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார்கள், சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். காலையில் குழுப் பேச்சு, மதியம் ஒத்திகை. காமனாக ஒரு லாரி டிரைவர். எமனுக்கு வசனம் மறந்து மறந்து போகும், கோபத்தில் அவன் எருமையை உதைப்பான், எருமையாக நின்றவன் திருப்பி உதைப்பான். எங்கள் சர்ச் சபையில் என்னைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். அதையெல்லாம் கேட்க எனக்கு ஏது நேரம்? ரதிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

சிவனுக்கு ஆள் சரியாக அமையவில்லை. ஒருநாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போஜன் வந்து நின்றார். "சிவனுக்குப் பதிலாள் நானுங்க. இப்ப இருக்கற கொழுந்து வெலைக்குத் தோட்டத்துல இருந்தா என்ன, கைலாசத்துல இருந்தா என்ன?" படுகர் வாசனை அடிக்கும் தமிழில் அவர் சிவன் வசனம் பேசினால் வாத்தியாரே சிரித்துவிடுவார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் ராமையா கண்ணாடி முன் உட்கார்ந்து தன் மீசையைத் தானே மழித்தார். செல்வி தன் கல்யாணப் புடவையோடு வாசலில் நின்று பார்த்தாள். சேர்ந்த அன்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்த மனிதர். இப்போது கத்தி ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. "கை நிக்குது டீச்சர்" என்று என் காதில் சொன்னாள். அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

கூத்து விடிய விடிய நடந்தது. லயத்து ஜனம் மூன்று ஜீப்பில் வந்து இறங்கியது. மூடுபனிக்குள் வெளிச்சம் பரவும் நேரத்தில் போஜன் நெற்றியைத் தொட்டார், கம்பத்தில் தீ ஏறியது. ராமையா கல்யாணப் புடவையில் தரையில் விழுந்து அழுத அழுகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நின்றுபோன ஃபேக்டரி, பூட்டிய லயம், ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. தப்பு மேளம் அடித்தவர்களே அழுதார்கள். மேஜர் ஐயா மருந்துப் பெட்டியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார், கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

தீ அடங்கியது. வாத்தியார் கத்தியோடு வந்து ஒவ்வொரு காப்பாக அறுக்க ஆரம்பித்தார். கேட்டுக்கு வெளியே எஸ்டேட் சிநேகிதர்கள் நாலு பேர் சால்வைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு நின்றார்கள். ராமையாவின் சிகிச்சை முடிய இன்னும் நாள் இருந்தது. கயிறு அறுந்தால் எல்லை இல்லை. செல்வியின் கை என் கையை நசுக்கியது.

வாத்தியார் ராமையா முன்னால் வந்தார். ராமையா கையை நீட்டியபடி, மை கலைந்த முகத்தோடு கேட்டைப் பார்த்தார். சிநேகிதர்களில் ஒருவன் கையை ஆட்டினான். நீட்டிய கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இது கெடக்கட்டும் வாத்தியாரே. தொர போவச் சொல்லுற அன்னைக்கி அவுக்கலாம்."

வழக்கத்தில் இல்லையே என்று வாத்தியார் முணுமுணுத்தார். பிறகு கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். செல்வி அப்படியே புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கைதட்டினேன், வார்டே கைதட்டியது. இன்னும் காப்பு அறுக்காத இரண்டு பேர் தங்கள் கையையும் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

ராமையா போகும் நாள் வந்தது. காப்பு அழுக்கேறி, மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. செல்விதான் முடிச்சை அவிழ்த்தாள். மேஜர் ஐயா டீ போட்டார். அன்று மக்கை விளிம்புவரை ஊற்றினார். ராமையா ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.

"சரிங்க ராமையா. திருப்பூர்ல என்ன வேலைங்க?"

"பனியன் கம்பெனியிலங்க தொர. அது செல்வியும் பாக்கும். எனக்கு இன்னொரு வேல இருக்குங்க. குடிக்காம இருக்குற வேல."

மேஜர் ஐயாவுக்குப் பழக்க தோஷம். சட்டென்று கேட்டுவிட்டார். "அதுக்குப் பதிலாள் உண்டுங்களா?"

ராமையா மக்கை மேஜையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். புதிதாக முளைக்க ஆரம்பித்திருந்த மீசைக்குக் கீழே சிரித்தார்.

"இல்லீங்க தொர. நாந்தான் போவணும்."